தையல் போட்ட இடம் சுட்டால்...

மார்பகத்தை எடுப்பாக்க சிலிக்கான் பை வைத்துக்கொண்ட பெண்ணுக்குத் தையல் இடத்தில் கிருமி தொற்றினால், அவர் உடனே மருத்துவரிடம் போவதில்லை. மாமியாருக்குத் தெரிந்துவிடுமோ, பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் பேச்சாகிவிடுமோ என்ற பயம்! வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை விழுங்குவார், மஞ்சள் பூசுவார். கெடுதல் தொடங்குவது அங்கேதான்.

அறுவைக்குப் பின் முதல் சில நாட்கள் வீக்கமும் வலியும் இருப்பது இயல்பு. அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி திரும்பக் கூடினாலோ, ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடேறினாலோ, சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ தொற்று என்றே சந்தேகிக்க வேண்டும்.

மருத்துவக் கையேடுகள் "தோல் சிவக்கும்" என்கின்றன. அவை வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எளிதில் தெரியாது. ஊதாவாகவோ, கருமை கூடியோ, தோல் இழுத்து மினுமினுப்பாகவோ தெரியும். ஆகவே கண்ணை நம்பாமல் புறங்கையால் இரு பக்கமும் தொட்டு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் சுடுகிறதா? நிறம் மாறிய ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு நேரத்தைக் குறித்துவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள். கோட்டைத் தாண்டிப் பரவுவது அவருக்கு முக்கியமான தகவல்.

மிச்ச மாத்திரை ஏன் கூடாது? எந்தக் கிருமி என்று அறிய சீழை எடுத்து வளர்த்துப் பார்ப்பார்கள். அரைகுறை மருந்து உள்ளே போனால் சோதனையில் ஒன்றும் வளராமல் போகலாம். கிருமி மட்டும் உள்ளே இருக்கும். மேலும், சிலிக்கான் பையின் மேல் கிருமிகள் வழுவழுப்பான படலம் கட்டிக்கொள்ளும். இரத்த ஓட்டம் இல்லாத பைக்கு மருந்து எட்டுவது கடினம். தோலோடு நின்ற தொற்று மாத்திரையிலேயே ஆறலாம். பைவரை போய்விட்டால் ஊசி மருந்து, கழுவுதல், சில வேளை பையையே எடுத்துவிடுதல். எடுத்த பின் திரும்ப வைக்கப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். பெண்கள் அஞ்சுவது இதற்குத்தான். தாமதித்தால் இது நடக்கும் வாய்ப்பே கூடுகிறது.

இன்னொரு வகை உண்டு. வாரக்கணக்கில் ஆறாமல் கசியும் புண், வழக்கமான மருந்துக்கு அடங்காது. தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் மைக்கோபாக்டீரியா இனக் கிருமிகள் இதற்குக் காரணமாகலாம். 2003, 2004-ஆம் ஆண்டுகளில் டொமினிகன் குடியரசுக்கு அழகு அறுவைக்குச் சென்று திரும்பிய அமெரிக்கப் பெண்களிடம் இது கண்டறியப்பட்டது. காசநோய்க் கிருமியின் உறவு என்றாலும் காசநோய் அல்ல. தனிச் சோதனை கேட்க வேண்டும். சிகிச்சை பல மாதம் நீளும். வெளிநாட்டில் அறுவை செய்து வந்தவர் அதை மறைக்காமல் சொல்வது இதனால்தான் அவசியம்.

நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம். 2023 தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இந்நோய். இந்தியரிடையே விகிதம் இன்னும் கூடுதல். சர்க்கரை ஏறியிருந்தால் புண் ஆறத் தாமதமாகும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல், உடலெங்கும் தடிப்பு ஆகியவை காய்ச்சலோடு வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 999 அழையுங்கள், அல்லது கோலாலம்பூர் பொது மருத்துவமனை, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்றவற்றின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பையின் பெயர், அளவு, வரிசை எண் உள்ள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். வயது வந்த பெண் தன் சிகிச்சைக்குத் தானே கையெழுத்திடலாம். கணவர் ஒப்புதல் தேவையில்லை. விவரத்தை வெளியே சொல்லாதிருப்பது மருத்துவரின் கடமை.