பூட்டும் அலைவரிசையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் வாழும் இக்கொச்சி நகரில்தான், 1996ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், கேரளத்தின் முதற் கைபேசி உரையாடல் நிகழ்ந்தது. பேசியவர் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை. மறுமுனையில் இருந்தவர் தென்மண்டலக் கடற்படைத் தளபதி டாண்டன். இன்று கைபேசி இல்லாத இல்லம் இல்லை. ஆயினும், கையில் இருந்தும் பேசாத கைபேசியும் உண்டு. அதனைப் பற்றியே இன்று கூற விழைகின்றோம்.

2005ஆம் ஆண்டு மழைக்காலம். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த எம் தம்பி, அன்னைக்கென ஒரு கைபேசி கொணர்ந்தான். நம் ஊர்ச் சிம் அட்டையை இட்டவுடன் அது ஏற்க மறுத்தது. கடைவீதியில் ஒருவரிடம் பணம் கொடுத்துப் பூட்டைத் திறந்தோம். 'காலைக்குள் அலை கிடைத்துவிடும்' என்றார் அவர். அன்றிரவே தந்தையாருக்கு நெஞ்சுவலி கண்டது. வீட்டுத் தொலைபேசியோ மழையால் முன்னரே செயலற்றிருந்தது. புதிய கைபேசியும் வாய் திறக்கவில்லை. அண்டை வீட்டு மலையாள அன்பர் கதவைத் தட்டி, அவர் தொலைபேசியால் வண்டி வரவழைத்தோம். தந்தையார் பிழைத்தார், பாடமும் கிடைத்தது.

பூட்டு வேறு, அலைவரிசை வேறு என்பதே அப்பாடம். ஒவ்வொரு சிம் அட்டையிலும் நாட்டு எண்ணும் நிறுவன எண்ணும் அடங்கியுள்ளன. இந்திய அட்டைகளின் எண் 404 அல்லது 405 என்று தொடங்கும். பூட்டிய கைபேசி, தன்னை விற்ற நிறுவனத்தின் எண்ணை மட்டுமே ஏற்கும். தவணையிலோ குறைந்த விலையிலோ கொடுத்த கருவி பிறரிடம் போகாதிருக்கவே அப்பூட்டு. அது திறக்கக் கூடியது. அலைவரிசையோ கருவியின் உறுப்பிலேயே அமைந்தது. அந்நாளில் இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைகள். அமெரிக்காவில் 850, 1900. ஆதலின் துபாயிலிருந்து வந்த கைபேசி இங்கே பேசிற்று. எம் தம்பி கொணர்ந்தது ஊமையாயிற்று. மட்டாஞ்சேரியில் மிளகுப் பண்டகசாலையின் பூட்டைத் திறந்துவிட்டோம். வண்டியோ சந்துக்குள் நுழையவில்லை. மூட்டை எவ்வாறு வெளிவரும்?

இக்காலக் கருவிகள் பல அலைகளை ஏற்பன. எனினும் இடர் முற்றும் நீங்கவில்லை. 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கிய ஜியோ வலையமைப்பு, பழைய 2ஜி, 3ஜி முறைகளின்றியே அமைந்தது. அதில் நேரடியாகப் பேசக் கருவிக்கு 'வோல்டி' வசதி வேண்டும். பூட்டு இல்லாத கைபேசியாயினும், அவ்வசதி நம் நிறுவனத்தோடு இசையாவிடில் இணையம் ஓடும், அழைப்பு நிகழாது.

இது வெறும் பொருட்செலவைப் பற்றிய செய்தி அன்று. 2011ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் முதல், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை நாடெங்கும் நமக்குக் கிடைத்தது. கைபேசி பூட்டியிருப்பின் அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயே அன்றோ? இதனை உணர்ந்தே, கனடா 2017 திசம்பரிலும் பிரிட்டன் 2021 திசம்பரிலும் நிறுவனங்கள் பூட்டிய கைபேசி விற்பதைத் தடை செய்தன. அமெரிக்காவில் இன்றும் பூட்டிய கருவிகள் விற்கப்படுகின்றன.

ஆதலின் அயல்நாட்டில் வாழும் நம் மக்களுக்கு நாம் எழுத வேண்டியவை மூன்று. கைபேசியின் தவணை முற்றும் தீர்ந்து பூட்டு நீங்கியதா? அதன் மாதிரி எண்ணுக்குரிய அலைவரிசைகள் நம் ஊர் நிறுவனத்தின் அலைவரிசைகளோடு பொருந்துமா? வோல்டி அழைப்பு இங்கே இயங்குமா? வந்த பின்னரும், பிள்ளைகள் விடுமுறை முடிந்து திரும்புமுன், நம் சிம் அட்டையை இட்டு ஒரு முறை பேசிப் பாருங்கள்.

பெற்றோர்க்குப் பிள்ளை அனுப்பும் பரிசு அன்பின் அடையாளம். இடருற்ற வேளையில் அது பேசவும் வேண்டும். அதற்கு முன்கூட்டியே கேட்கும் மூன்று கேள்விகள் போதும்.