கால் பங்கு போதும்



மீன் தொட்டி வாங்கிய புதிதில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய் நாலு கோல்டு ஃபிஷ் வாங்கி வந்திருந்தேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் சற்றுக் கலங்கலாகத் தெரிந்தது. விடுவேனா? முழுவதையும் இறைத்துக் கொட்டி, கூழாங்கற்களைத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, குழாய்த் தண்ணீரையே நிரப்பினேன். தொட்டி பளபளத்தது. மறுநாள் காலையில் மூன்று மீன்கள் செத்து மிதந்தன.

என் சுத்தக்காரத்தனமே அவற்றைக் கொன்றுவிட்டது.

மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாகும். மீனுக்கு அது நஞ்சு. பஞ்சிலும் கற்களிலும் ஒட்டி வாழும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கிவிடும். நைட்ரைட்டும் நஞ்சுதான், நைட்ரேட் அவ்வளவு கெடுதல் செய்யாது, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். அதைக் குறைக்கத்தான் தண்ணீர் மாற்றுகிறோம். குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரினோ, அந்த நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். மீனின் செவுளையும் புண்ணாக்கும்.

அதனால் வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும். இரண்டடித் தொட்டி என்றால் ஏறக்குறைய ஒரு பக்கெட். முந்தின நாளே தண்ணீர் பிடித்துத் திறந்து வையுங்கள். குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். அவசரமென்றால் மீன் கடையில் குளோரின் முறிக்கும் மருந்து கிடைக்கும். மத்தியானத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் சுடும்; ஆறவிடுங்கள். இரண்டு தண்ணீரிலும் கை வைத்துப் பார்த்தால் ஒரே சூடாக இருக்க வேண்டும்.

மோட்டார், ஹீட்டர் பிளக்குகளைப் பிடுங்கிவிட்டுக் கை வையுங்கள். பழைய தண்ணீரை இறக்கும் டியூபை வாயால் உறிஞ்ச வேண்டாம். டியூப் முழுவதையும் தொட்டிக்குள் அமிழ்த்தி, ஒரு முனையை விரலால் அடைத்துக் கீழே பக்கெட்டுக்குக் கொண்டுவந்து விரலை எடுங்கள். தண்ணீர் தானே இறங்கும். உள்முனையைக் கற்களின் மேல் நகர்த்தினால் கசடும் வந்துவிடும். பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை அலசுங்கள். சோப்பு கூடவே கூடாது. புதுத் தண்ணீரைக் கிண்ணம் கிண்ணமாக, மெதுவாக ஊற்றுங்கள்.

பக்கெட்டில் மிஞ்சும் மஞ்சள் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். நைட்ரேட் செடிக்கு உரம். அன்று தப்பிய ஒற்றை மீன் இன்னும் எங்கள் வீட்டில் நீந்துகிறது; அதன் தண்ணீரைக் குடித்துத்தான் மொட்டை மாடியில் ரோஜா பூக்கிறது.