யாபேஸ் என்னும் பெயர்

நாம் இடும் பெயர்கள் பெரும்பாலும் வாழ்த்தாகவே அமைவன. யாபேஸ் என்னும் எபிரேய ஆண்பெயரோ துயரில் பிறந்தது. நோவோடு பெற்றமையால் தாய் அப்பெயரை இட்டாள் என்று விவிலியத்தின் முதலாம் நாளாகமம் உரைக்கிறது. எபிரேயத்தில் நோவைக் குறிக்கும் சொல்லின் ஈற்றெழுத்துகள் இரண்டும் இப்பெயரில் இடம் மாறி நிற்கின்றன. மொழிபெயர்ப்பில் இந்நயம் மறைந்துவிடுகிறது. ஒலி மட்டுமே எஞ்சுகிறது.

துன்பம் தன்னை வாட்டாதிருக்க அம்மகன் இறைவனை வேண்டினான், வேண்டியது கிட்டிற்று. ஆகவே துயரப் பெயர் நம்பிக்கைப் பெயராயிற்று. இங்கிலாந்தின் மெதடிஸ்டு சமயத் தலைவர் ஜாபேஸ் பண்டிங் (1779–1858) இதனைப் பூண்டவர். பின்னர் அருகிய இப்பெயரை, 2000ஆம் ஆண்டில் அமெரிக்கர் புரூஸ் வில்கின்சன் எழுதிய சிறுநூல் மீண்டும் பலரறியச் செய்தது. தமிழ்க் கிறித்தவர் சிலரும் இதனை இடுகின்றனர். இட்ட பெயரே விதியாகிவிடுவதில்லை என்பதை நாம் இதனால் உணரலாம்.