சின்னப் பீப்பாய் நிலைக்குமா?

நடுவர் அவர்களே! ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஜோகூர் பெக்கோக் போன்ற ஊர்களில் 'கைவினை பீர்' என்றால் புதிதாகத்தான் தோன்றும். ஆனால் கள்? சிறிய அளவில், அந்தந்த வட்டாரத்திலேயே இறக்கி விற்ற பானம் அதுதானே!

அது ஏன் பின்தங்கியது? காலையில் இறக்கிய கள் மறுநாளே புளித்துவிடும், தூரம் போகாது. போத்தல் பீரோ மாதக்கணக்கில் தாங்கும். இன்று மலேசியச் சந்தையில் கார்ல்ஸ்பெர்க், ஹைனெகன் என்ற இரண்டு நிறுவனங்களின் கைதான் ஓங்கியிருக்கிறது. ஆலையும் பெரிது, லோரியும் அதிகம். சின்ன ஆலை எங்கே போய் மோதுவது?

வழி இல்லாமல் இல்லை. 2002-ஆம் ஆண்டில் பிரிட்டன், மிகச் சிறிய ஆலைகளுக்கு பீர் வரியைப் பாதியாகக் குறைத்தது. அதன்பின் அங்கே சிற்றாலைகள் பெருகின. மலேசியாவிலோ கலால் வரி பீரில் உள்ள ஆல்கஹாலின் அளவைப் பார்க்கிறது. ஆலையின் அளவைப் பார்ப்பதில்லை. யானைக்கும் ஆட்டுக்கும் ஒரே சுமையா?

"குடியை வளர்க்கச் சலுகையா?" என்று எதிரணியினர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரினார்கள். கடை சின்னது என்பதால் கூலிப்பணம் தப்பிவிடவில்லை!

ஆகவே நடுவர் அவர்களே, அளவை விற்பது பெரிய ஆலையின் வியாபாரம். ருசியை விற்பதுதான் சின்ன ஆலையின் பிழைப்பு. சின்ன ஆலையும் அளவை விற்கக் கிளம்பினால், சந்தையிலும் தோற்கும். தொழிலாளி வீட்டுச் சோற்றுப் பானையிலும் கை வைக்கும்.