ஊருக்கு அடியில் ஓர் உலகம்: ஆலன் கார்னரின் முதல் நாவலை முன்வைத்து

சிறார் மிகுபுனைவு நாவல்களில் வரும் அபாயம் நிறைந்த மறைவுலகம், பிள்ளைகளை அவர்கள் வாழும் மண்ணிலிருந்து விலக்குகிறதா, அதனோடு பிணைக்கிறதா என்பதே இன்றைய உரையின் கேள்வி. அது பிணைக்கவே செய்கிறது என்பது என் துணிபு. அதற்குச் சான்றாக ஆங்கில எழுத்தாளர் ஆலன் கார்னர் 1960-இல் வெளியிட்ட ‘த வியர்டுஸ்டோன் ஆஃப் பிரிசிங்கமென்’ நாவலை எடுத்துக்கொள்கிறேன்.

இங்கிலாந்தின் செஷயர் வட்டாரத்தில் உள்ள ஆல்டர்லி எட்ஜ் ஒரு மணற்பாறைக் குன்று. கார்னர் வளர்ந்த இடம் அது. வெள்ளைக் குதிரையைச் சந்தையில் விற்கப்போன மாபர்லி ஊர் உழவரை ஒரு முதியவர் வழிமறித்தார், குன்றுக்குள் உறங்கும் வீரர்களுக்காக அதை விலைக்கு வாங்கினார் என்று அங்கே வழிவழியாக ஒரு கதை உண்டு. தம் தாத்தாவிடம் கேட்ட அந்தக் கதையை நாவலின் வாசலிலேயே வைத்தார் கார்னர். வீரர்களின் உறக்கத்தைக் காக்கும் மாயக்கல் தொலைந்து, தலைமுறைகள் கடந்து, சூசன் என்ற சிறுமியின் கைவளையில் பதிந்திருக்கிறது. அதன் மதிப்பு அவளுக்கும் தெரியாது, சகோதரன் காலினுக்கும் தெரியாது. கல்லைத் தேடித் தீயசக்திகள் வரும்போது, பாட்டன் காலத்து ஊர்க்கதை அந்தப் பிள்ளைகளின் சொந்தப் பொறுப்பாகிவிடுகிறது.

அந்தப் பொறுப்பு அவர்களைக் குன்றின் அடியில் உள்ள சுரங்கங்களுக்குக் கொண்டுசெல்கிறது. உடலைத் திருப்பவும் இடமில்லாத இடுக்குகளில் அவர்கள் ஊர்ந்து செல்லும் பக்கங்கள், சிறார் இலக்கியத்தில் மூச்சை அடைக்கவைக்கும் பகுதிகளில் தலையாயவை. அந்தக் குன்றின் அடியில் மெய்யாகவே செப்புச் சுரங்கங்கள் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே கிடைத்த மரமண்வெட்டி ஒன்று வெண்கலக் காலத்தது, 3,500 ஆண்டுகளுக்கும் பழையது என்று பின்னாளில் கரிமக் கணிப்பு காட்டியது. அரக்கர்கள் கார்னரின் கற்பனை. இருட்டும் ஆழமும் பழமையும் அந்த மண்ணுக்கே உரியவை. நாவலைப் படித்த பிள்ளை, குன்று என்பது தனக்கு முன் எத்தனையோ பேர் உழைத்த இடம் என்பதை உடம்பால் உணர்கிறது.

இத்தகைய அச்சம் பிஞ்சு மனத்துக்கு ஆகாது என்பார் உண்டு. அவர்களுடைய அக்கறை நியாயமானதே. ஆனால் பிள்ளைகளுக்கு அச்சம் புத்தகம் வழியாகத்தான் வருகிறது என்பதில்லை. இனம் தெரியாத அச்சத்துக்குக் கதை ஒரு பெயரும் வடிவமும் முடிவும் தருகிறது. இந்த நாவலில் பிள்ளைகள் தனித்து விடப்படுவதுமில்லை. கௌதர் மாசக் என்ற உழவர் தாமும் ஆபத்தில் இறங்கி அவர்களோடு நடக்கிறார். காலினும் சூசனும் தனிக் குணம் துலங்காத பாத்திரங்கள் என்பது மற்றொரு குறை. அதை நான் ஏற்கிறேன். கார்னரே பின்னாளில் இந்த நாவலைக் கடுமையாக மதிப்பிட்டவர்தான். ஆயினும் இங்கே முதன்மைப் பாத்திரம் நிலம். அதன் குணம் ஒவ்வொரு பாறையிலும் துலங்குகிறது. ஓர் ஊருக்குள் அடங்கிய கதை அயலாருக்கு எட்டாது என்ற வாதமும் நிற்கவில்லை. செஷயரைப் பார்த்தே இராதவர்களும் இந்நூலை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் படித்துவருகிறார்கள். ஓர் இடத்தை ஆழ்ந்து அறிந்தவரின் எழுத்து, தன் இடத்தையும் அப்படி அறியும் ஆவலை எந்த ஊர் வாசகருக்கும் ஊட்டும்.

ஆகவே சிறார்க்கு எழுதுவோரிடம் என் வேண்டுகோள் இது: மறைவுலகம் படைக்குமுன் உங்கள் ஊரின் குன்றையும் குளத்தையும் அங்கே உழைத்தவர்களின் வரலாற்றையும் தேடிப் படியுங்கள். பெற்றோரே, ஆசிரியரே, அச்சமூட்டும் கதை என்பதற்காகவே ஒரு நல்ல நூலைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள். நீங்களும் உடனிருந்து படியுங்கள்.