ஒரே கிருமி, இரண்டு குணம்

சோளத்தட்டு அறுக்கும்போது தோகை நுனி கண்ணைக் கீறிவிடுகிறது. கொங்கு நாட்டுக் காட்டு வேலையில் இது சகஜம். விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். இரண்டு நாளில் கண் சிவந்து, வெளிச்சம் கூசி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழும். அதுதான் கருவிழிப் புண்.

கிருமியை மருந்து கொன்றாலும் தழும்பு மிஞ்சிப் பார்வையை மறைக்கும். வீக்கத்தை அடக்கினால் தழும்பு குறையுமே என்று ஸ்டீராய்டு சொட்டைச் சேர்த்தவர்கள் உண்டு. உடம்பின் காவலையும் சேர்த்து அடக்கிவிடும் என்று அஞ்சியவர்களும் உண்டு. இந்த வழக்கு கோவைக்கும் வந்தது.

2006 முதல் 2010 வரை, மதுரை, கோவை, திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனைகளும் அமெரிக்க மருத்துவர்களும் சேர்ந்து, பாக்டீரியாப் புண் வந்த 500 பேரிடம் ஆய்வு நடத்தினார்கள். முதல் 48 மணி நேரம் எல்லோருக்கும் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லிச் சொட்டு. பிறகு அதோடு சேர்த்துப் பாதிப்பேருக்கு 1 சதவீத பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, மீதிப்பேருக்கு மருந்தில்லாத சொட்டு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. இவ்வளவு பாடுபட்டு இதுதானா என்று தோன்றும்.

சுவாரசியம் அதற்குப் பிறகுதான். சூடோமோனாஸ் என்ற கிருமியில் இரண்டு வகை உண்டு. இரண்டுமே ஊசி போன்ற குழாயால் நம் செல்லுக்குள் நஞ்சைச் செலுத்தும். எக்ஸோ-யு என்ற நஞ்சுள்ள வகை செல்லின் சவ்வை அரித்து அதைக் கொன்றுவிடும். எக்ஸோ-எஸ் வகையோ செல்லுக்குள் புகுந்து, அங்கேயே குடியிருந்து பெருகும். முன்னது கொள்ளைக்காரன் என்றால் பின்னது அழையா விருந்தாளி.

அந்த ஆய்வில் சூடோமோனாஸ் புண் இருந்த 101 பேரின் கிருமிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 74 பேரிடம் புகுந்துகொள்ளும் வகை, 23 பேரிடம் கொல்லும் வகை. 2013இல் வெளியான முடிவு: புகும் வகையில் ஸ்டீராய்டு போட்டவர்களுக்குப் பார்வைப் பலகையில் ஏறத்தாழ இரண்டரை வரி கூடுதலாகத் தெரிந்தது. கொல்லும் வகையில் சொல்லும்படியான பலன் இல்லை.

ஆனால் தமிழ்நாட்டில் கருவிழிப் புண்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் வருபவை. பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு விட்டால் புண் ஆழமாகும். கண்ணில் தோகை கீறினால், கண் மருத்துவர் புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும்வரை மருந்துக்கடைச் சொட்டு எதையும் விடாதீர்கள்.