சாம்பல் குளமும் களிமண் தளமும்



அனல் மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலை நீரில் கலந்து, குழாய் வழியே கொண்டு சென்று, கரை கட்டிய குளங்களில் தேக்குவது நெடுநாளைய வழக்கம். மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை வட்டாரத்து உழவர்கள் இக்குளங்களை அறிவார்கள். தேங்கும் நீர், சாம்பலிலுள்ள போரான், சல்பேட், ஆர்சனிக், செலினியம் முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. "அடியில் களிமண் போட்டிருக்கிறது, பயமில்லை" என்பார்கள். அது எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்போம்.

களிமண் எவ்வளவு தடுக்கும்?

நெல் வயலைச் சேறு கலக்கி உழுதால் நீர் இறங்குவது குறைகிறதல்லவா? இங்கும் அதுபோலத்தான். தக்க ஈரத்தில், 15 செ.மீ. அடுக்குகளாக இட்டு, உருளையால் இறுக்கிய நல்ல களிமண்ணில், நீர் நொடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு வேகத்தில் இறங்கும். ஆண்டுக்குச் சுமார் 3 செ.மீ. ஆனால் இது மேலே நீர் தேங்காத நிலையில் போடும் கணக்கு. 60 செ.மீ. களிமண் மீது 3 மீட்டர் நீர் நின்றால், அழுத்தத்தால் இது 6 மடங்காகி, ஆண்டுக்கு 19 செ.மீ. ஆகும். ஏக்கருக்கு ஏறத்தாழ ஏழரை லட்சம் லிட்டர்! ஆகவே, களிமண் கசிவைத் தாமதப்படுத்துமே தவிர, நிறுத்தாது.

ஈயம், செம்பு போன்றவற்றைக் களிமண் ஓரளவு பிடித்து வைக்கும். போரானும் சல்பேட்டும் பெரும்பாலும் நீருடனேயே சென்றுவிடும்.

களிமண் கெடுவது எப்படி?

கரிசல் நிலம் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதுபோல், காய்ந்த களிமண் தளமும் வெடிக்கும். மர வேர்களும் துளையிடும். மற்றொன்றும் உண்டு. களர் நிலத்திற்கு நாம் ஜிப்சம் இடுகிறோம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து, சோடியத்தை வெளியேற்றி, மண்ணில் நீர் இறங்க வழி செய்கிறது. சாம்பல் நீரிலும் அச்சத்து மிகுதியாக இருக்கக்கூடும். உப்பி அடைத்துக்கொள்ளும் என்று நம்பி இட்ட சோடிய பென்டோனைட் களிமண்ணில் அது சேர்ந்தால், உப்பும் தன்மை குன்றிக் கசிவு கூடும். வயலுக்கு நன்மை செய்வதே குளத்துக்குத் தீமையாகிறது.

அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு விதி, புதிய குளங்களுக்கு 60 செ.மீ. களிமண்ணும் அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டும் என்றது. பழைய குளங்களில் களிமண் மட்டும் இருந்தாலும் ஏற்றது. 2018இல் நீதிமன்றம் அச்சலுகையை நீக்கியது. 2020இல் அத்தகைய குளங்கள் தளமற்றவை என வகைப்படுத்தப்பட்டன.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. குளத்தின் தாழ்வான பக்கத்துக் கிணற்றிலும், மேட்டுப் பக்கத்துக் கிணற்றிலும் மழைக்கு முன்னும் பின்னும் நீர் எடுத்து ஆய்வு செய்யுங்கள். கடலோரத்தில் கடல் நீரும் போரானைக் கொண்டுவரும். எனவே ஒரே கிணற்றை வைத்து முடிவு செய்யலாகாது.

2. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் எடுங்கள். சில கண்ணாடிகளில் போரான் உண்டு.

3. உப்பு நிலையோடு போரான், சல்பேட் ஆய்வையும் தனியே கேளுங்கள். லிட்டருக்கு 0.7 மி.கி. வரை போரான் இருந்தால் பாசனத்திற்குத் தீங்கில்லை. 3 மி.கி.க்கு மேல் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. எலுமிச்சையும் அவரை இனங்களும் முன்னதாகவே பாதிக்கப்படும். முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் கருகுவது அறிகுறி.

4. குடிநீர்க் கிணறாயின் ஆர்சனிக்கையும் ஆய்வு செய்யுங்கள். லிட்டருக்கு 0.01 மி.கி.க்கு மேல் கூடாது. கொதிக்க வைத்தால் அது நீங்காது.

5. புதிய குளம் வருமாயின், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் களிமண்ணின் கனம், மேலே விரிப்பு உண்டா, கண்காணிப்புக் கிணறுகள் எங்கே என்று கேளுங்கள்.

இன்றைய ஆய்வு முடிவைப் பத்திரப்படுத்தி வையுங்கள். நாளை நீர் மாறினால், மாறியது என்று காட்ட அதுவே சான்று.